கையேடும் ஹேண்ட்புக்கும்: ஆங்கிலம் கடன்வாங்கித்தான் வளர்ந்ததா?



"ஆங்கிலத்தைப் பாருங்கள்! உலக மொழிகள் எல்லாவற்றிலிருந்தும் கூச்சமில்லாமல் சொற்களை வாங்கிச் சேர்த்துக்கொண்டது. அதனால்தான் அது உலகமொழி ஆயிற்று. நீங்களோ புதுச்சொல், தனிச்சொல் என்று சொல்லிப் பிள்ளைகளை வதைக்கிறீர்கள்."

இந்தப் பேச்சைக் கேட்டிராத தமிழாசிரியர் இந்நாட்டில் இருக்க முடியாது. பட்டறைகளில் கேட்கிறோம். பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் கேட்கிறோம். திருமணப் பந்தியில் பக்கத்து இலைக்காரரும் இதையே சொல்கிறார். அண்மையில் ஓர் அன்பர் 'கையேடு' என்ற சொல்லையே எடுத்துக்கொண்டு நகையாடினார். "மேனுவல் என்றால் எல்லாருக்கும் விளங்குமே! கையாம், ஏடாம்! இந்தக் காலத்தில் யார் கையில் ஏடு இருக்கிறது?" என்றார். அவையும் சிரித்தது.

நகைத்தவர் சான்றுக்கு அழைத்தது ஆங்கிலத்தை. ஆகவே ஆங்கிலத்திடமே கேட்போம். 'கையேடு' என்பதற்கு நேரான ஆங்கிலச் சொல் 'ஹேண்ட்புக்'. ஹேண்ட் என்றால் கை. புக் என்றால் ஏடு, நூல். இந்த ஒரு சொல்லின் வரலாற்றை மட்டும் அறிந்தால் போதும். 'கடன்வாங்கி வளர்ந்த மொழி' என்னும் கதையில் எவ்வளவு மறைக்கப்பட்டிருக்கிறது என்பது தெரியவரும்.

சொல் பிறந்த கதை

இன்றைய ஆங்கிலத்தின் மூத்த வடிவத்தைப் பழைய ஆங்கிலம் என்பர். ஏறத்தாழ 5ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை இங்கிலாந்தில் வழங்கிய மொழி அது. அன்று அறிவுலகை ஆண்ட மொழி இலத்தீன். சமயம், மருத்துவம், வானியல், இலக்கணம் எதுவானாலும் இலத்தீனில்தான் கற்க வேண்டும். கடன்வாங்குவதுதான் வளர்ச்சிக்கு வழி என்றால், அன்றைய ஆங்கிலேயர் இலத்தீன் சொற்களை அப்படியே அள்ளிக்கொண்டிருக்க வேண்டும். பல சொற்களை வாங்கவும் செய்தனர். ஆயினும் அவர்களில் எழுதத் தெரிந்தோர் பெரிதும் நாடியது சொல்லாக்கத்தையே.

இலக்கணத்திற்கு 'ஸ்டாஃப்கிராஃப்ட்' என்றனர். எழுத்துக்கலை என்பது பொருள். வானியலுக்கு 'துங்கோல்கிராஃப்ட்', அதாவது விண்மீன்கலை. நூலகத்திற்கு 'போக்ஹோர்ட்', அதாவது நூற்கருவூலம். மருத்துவ நூலுக்கு 'லாச்சேபோக்', மருத்துவன் ஏடு. ஆல்பிரிக் என்னும் துறவி, ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இலத்தீன் இலக்கணத்தை மாணவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதினார். வியப்பிடைச்சொல்லைக் குறிக்கும் இலத்தீன் கலைச்சொல்லைப் பிரித்துப் பார்த்து, 'இடையே எறியப்பட்டது' என்று பொருள்படும்படி ஆங்கில வேர்களைக் கொண்டே ஒரு நெடுஞ்சொல்லைச் செய்தார். அவரும் நம்மைப் போல் ஓர் ஆசிரியர்தாம். அவருக்கும் வகுப்பில் பிள்ளைகள் இருந்தனர். பிள்ளைகளுக்கு விளங்க வேண்டும் என்னும் கவலை இருந்தது.

இந்தக் குடும்பத்தில் பிறந்த சொல்லே 'ஹாண்ட்போக்'. கிரேக்கத்தில் 'என்கெயிரிதியோன்' என்றொரு சொல் உண்டு. கைக்குள் அடங்குவது என்பது அதன் பொருள். குறுவாளுக்கும் அதே பெயர். சிறுநூலுக்கும் அதே பெயர். இலத்தீனில் கை 'மானுஸ்'. அதிலிருந்து 'மானுவாலிஸ்' வந்தது. ஆல்பிரட் மன்னர் (ஆட்சி 871-899) தமக்குப் பிடித்த பகுதிகளைத் தொகுத்து ஒரு சிறுநூலை வைத்திருந்தார் என்றும், இரவும் பகலும் அது கைக்கெட்டும் இடத்தில் இருந்ததால் அப்பெயர் பெற்றது என்றும், அவர் வரலாற்றை 893இல் எழுதிய ஆசர் என்னும் சமயத்தலைவர் கூறுகிறார். அந்நூல் இன்று இல்லை.

சொல்லுக்குத் தெளிவான சான்று தருபவர் பிர்த்ஃபெர்த். ராம்சி என்னும் ஊரின் மடத்தில் வாழ்ந்த துறவி; நாள்காட்டிக் கணக்கைக் கற்பித்தவர். 1011ஆம் ஆண்டளவில் அவர் எழுதிய பாடநூலில் மூன்று பெயர்களையும் அடுக்கிச் சொல்கிறார். இது கிரேக்கப் பெயர், இலத்தீனில் மானுவாலிஸ், ஆங்கிலத்தில் ஹாண்ட்போக்.

'ஆங்கிலத்தில் ஹாண்ட்போக்' என்பதை மறவாதீர்கள், அன்பர்களே. சற்று நேரத்தில் இதற்குத் திரும்பி வருவோம்.

சொல் செத்த கதை

1066ஆம் ஆண்டில் நார்மன்டி நாட்டுக் கோமகன் வில்லியம் இங்கிலாந்தை வென்றார். அரண்மனை, நீதிமன்றம், பெருநிலங்கள், திருச்சபையின் உயர்பதவிகள் எல்லாம் பிரெஞ்சு பேசுவோர் கைக்கு மாறின. ஆவணங்கள் இலத்தீனில் எழுதப்பட்டன. ஆங்கிலம் உழவர் மொழியாக, அடுப்படி மொழியாகத் தாழ்ந்தது.

மொழி தாழ்ந்த அளவைக் காட்ட ஒரே செய்தி போதும். நீதிமன்றத்தில் பிரெஞ்சு மொழி மக்களுக்கு விளங்கவில்லை, இனி வழக்குகளை ஆங்கிலத்தில் பேசுக என்று 1362ஆம் ஆண்டில் ஒரு சட்டம் வந்தது. அந்தச் சட்டம் எழுதப்பட்ட மொழி எது? பிரெஞ்சு! நீதிமன்ற ஆவணங்களில் இலத்தீனையும் சட்டப் பிரெஞ்சையும் அகற்றிய சட்டம் நடைமுறைக்கு வந்தது 1733ஆம் ஆண்டில்தான்.

நூல் எழுதுவோர் ஆங்கிலத்தைக் கைவிட்டபோது, நூலுக்குரிய ஆங்கிலச் சொற்களும் கைவிடப்பட்டன. எழுத்துக்கலை போயிற்று; 'கிராமர்' வந்தது. விண்மீன்கலை போயிற்று, 'அஸ்ட்ரானமி' வந்தது. ஹாண்ட்போக் போயிற்று, பிரெஞ்சு வழியாக 'மேனுவல்' வந்தது.

இப்போது பிர்த்ஃபெர்த்துக்குத் திரும்புவோம். 1533ஆம் ஆண்டில் இலண்டனில் ஒரு நூல் அச்சாயிற்று. எராஸ்மஸ் என்னும் பேரறிஞர் கிறித்தவ வீரனுக்காக எழுதிய கையேட்டின் மொழிபெயர்ப்பு அது. அதன் முகப்பில், இலத்தீனில் இந்நூலின் பெயர் என்கெயிரிதியோன், ஆங்கிலத்தில் மேனுவல் என்று அச்சிட்டனர். 1011இல் 'ஆங்கிலத்தில் ஹாண்ட்போக்'. 1533இல் 'ஆங்கிலத்தில் மேனுவல்'. இடைப்பட்ட ஐந்நூறு ஆண்டுகளில் தங்களுக்கென ஒரு சொல் இருந்ததையே நூலோர் மறந்துவிட்டனர். வந்தேறிய சொல்லையே தங்கள் தாய்மொழிச் சொல் என்று நம்பினர்.

இதைத்தான் நம் அன்பர்கள் 'கூச்சமில்லாமல் கடன்வாங்கியது' என்கிறார்கள். கடனா இது? வீட்டை இழந்தவன் வந்தவன் கொடுத்த பாயில் படுத்தான். அதைக் கண்டு, 'பார், எவ்வளவு பரந்த மனம்' என்று பாராட்டுவதா?

ஹாண்ட்போக் என்ற சொல்லில் குறை ஏதும் இருந்ததா? இல்லை. நீளமா? இல்லை. விளங்கவில்லையா? கையும் ஏடும் தெரியாத குழந்தை உண்டா? சொல் சாகவில்லை, அதை எழுதிய மக்களின் அதிகாரம் செத்தது. சொல்லும் உடன்கட்டை ஏறியது.

சொல் உயிர்த்த கதை

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிலைமை மாறியது. ஜெர்மானியர் தங்கள் மொழியில் 'ஹாண்ட்பூக்' என்று அதே சொல்லைத் தொடர்ந்து வழங்கிவந்தனர். அதைப் பார்த்து 1814ஆம் ஆண்டளவில் ஆங்கிலேயர் சிலர் 'ஹேண்ட்புக்' என்று மீண்டும் எழுதத் தொடங்கினர். 1836ஆம் ஆண்டில் இலண்டன் பதிப்பாளர் ஜான் மரே, ஐரோப்பியப் பயணிகளுக்காகத் தாம் தொடங்கிய வழிகாட்டி நூல்வரிசைக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். சிவப்பு அட்டை நூல்கள் பயணிகளின் கைகளில் ஏறின. சொல்லும் உடன் ஏறியது.

உடனே என்ன நடந்தது தெரியுமா? நகைத்தார்கள்! வெறுத்தார்கள்! அதுவும் எப்படிப்பட்டவர்கள்? ரிச்சர்டு டிரெஞ்ச் என்பவர் சொல்லாராய்ச்சியில் பெயர் பெற்றவர்; வெஸ்ட்மின்ஸ்டர் திருச்சபைத் தலைவராக இருந்தவர். 1857இல் அவர் ஆற்றிய உரைகளே புகழ்பெற்ற ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதிக்கு வித்தாயின. அத்தகைய சான்றோர் 'ஹேண்ட்புக்' என்ற சொல்லை மிகவும் அழகற்றது, மிகவும் தேவையற்றது என்று ஒதுக்கினார். மேனுவல் இருக்க இது எதற்கு என்பதே அவர் கேள்வி.

நம் பட்டறை அன்பர் கேட்ட கேள்வியும் அதுவேயன்றோ!

டிரெஞ்ச் 1886இல் மறைந்தார். ஹேண்ட்புக் இருக்கிறது. இன்று ஆங்கிலேயர் எவருக்கும் அச்சொல் அழகற்றதாகப் படுவதில்லை. அது மீட்டெடுக்கப்பட்ட சொல் என்பதே பெரும்பாலோர்க்குத் தெரியாது. அதே காலத்தில், 1842ஆம் ஆண்டில், 'முன்' என்பதையும் 'சொல்' என்பதையும் இணைத்து 'ஃபோர்வேர்டு' வந்தது. நம் முன்னுரை போன்றது அது. 1846இல் வில்லியம் தாம்ஸ் என்பவர் நாட்டார் வழக்காற்றைக் குறிக்க 'ஃபோக்லோர்' என்னும் தூய ஆங்கிலச் சொல்லை ஆக்கினார். இவையெல்லாம் இன்று நிலைத்துவிட்டன.

மறுப்புகளும் விடைகளும்

1. "ஆங்கிலத்தில் கடன்சொற்களே மிகுதி. இதை மறுக்க முடியுமா?"

மறுக்கவில்லை. 'அவர்கள்' என்பதைக் குறிக்கும் 'தே' என்னும் சொல்லே வடவர் மொழியிலிருந்து வந்தது. 'ஸ்கை', 'எக்' போன்றவையும் அவ்வாறே. கடன் கொண்டதை யாரும் மறைக்க வேண்டியதில்லை. கடன் கொண்டதால்தான் வளர்ந்தது என்பதையே மறுக்கிறேன். ஆங்கிலம் உலகெங்கும் பரவியதற்கு அதன் கப்பல்களும் வணிகமும் பீரங்கிகளும் காரணம். சொல்லைக் கடன்வாங்கிய மொழியெல்லாம் உலகமொழி ஆவதாயின், இன்று உலகில் எத்தனையோ உலகமொழிகள் இருந்திருக்க வேண்டும்.

2. "தனிச்சொல் ஆக்கியவர்கள் ஆங்கிலத்திலும் தோற்றார்களே?"

ஆம், பலர் தோற்றார்கள். 16ஆம் நூற்றாண்டில் ஜான் சீக் என்னும் கேம்பிரிட்சு பேராசிரியர் விவிலியத்தை மொழிபெயர்த்தபோது, நூற்றுவர் தலைவனுக்கு 'ஹண்ட்ரெடர்' என்று எழுதினார், நிற்கவில்லை. ரால்ஃப் லீவர் 1573இல் அளவையியலுக்கு 'விட்கிராஃப்ட்' என்று பெயரிட்டார், நிற்கவில்லை. டார்செட் வட்டாரத்தின் பாவலரும் பள்ளியாசிரியருமான வில்லியம் பார்ன்ஸ் 1878இல் இலக்கணத்திற்கு 'ஸ்பீச்கிராஃப்ட்' என்றார். குழந்தையைத் தள்ளிச்செல்லும் வண்டிக்கு 'புஷ்வெய்ன்லிங்' என்றார். மக்கள் ஏற்கவில்லை.

ஆனால் நூறு சொல் ஆக்கினால் எழுபது உதிரத்தான் செய்யும். மாமரத்துப் பூவெல்லாம் காயாகிறதா? காய்க்காத பூவைக் காட்டி மரத்தை வெட்டுவார் உண்டா? ஹேண்ட்புக் ஏன் வென்றது, புஷ்வெய்ன்லிங் ஏன் தோற்றது என்று பாருங்கள். வென்ற சொல் குறுகியது. அதன் இரு பகுதிகளும் குழந்தைக்கும் தெரிந்தவை. மேலும் அது நூல் அட்டையில் ஏறி மக்கள் கைக்குச் சென்றது. சொல்லாக்குவோர் இந்த அளவுகோலைக் கைக்கொள்ள வேண்டும். நீண்டு முறுக்கிய சொல்லை ஆக்கிவிட்டு மக்களைக் குறைசொல்வது நம்மவர் செய்யும் பிழை.

3. "ஏடு இல்லாத காலத்தில் கையேடு என்பது பொருந்துமா?"

ஆங்கிலப் 'புக்' என்ற சொல்லுக்குப் பீச் என்னும் மரத்தின் பெயரோடு உறவுண்டு என்பது நெடுநாளைய கருத்து. அம்மரப்பலகையில் எழுத்துகளைக் கீறியிருக்கலாம் என்பர். இதை ஐயுறுவோரும் உளர். எப்படியாயினும், மரப்பலகையில் எழுதாததால் 'புக்' என்னாதே என்று எந்த ஆங்கிலேயரும் கூறுவதில்லை. நாம் நாள்தோறும் வாய்நிறைய 'கெரேத்தா அப்பி' என்கிறோம். நெருப்பு வண்டி என்பது அதன் பொருள். இன்று மின்சாரத்தில் ஓடும் வண்டிக்கும் அதே பெயர்தான். மலாய்க்காரர் எவரும் அதைச் சொல்லிச் சிரிப்பதில்லை. 'தொடர்வண்டி' என்றால் மட்டும் நமக்குச் சிரிப்பு வருகிறதே, ஏன்?

4. "அப்படியென்றால் புக் என்பதே பொத்தகம் என்ற தமிழிலிருந்து வந்ததுதானே?"

இது எதிரணியின் மறுப்பன்று. நம் அணியின் ஆர்வக்கோளாறு. இதற்கும் விடை சொல்லியாக வேண்டும். ஜெர்மன் மொழியில் 'பூக்', பழைய வடமொழியாம் நோர்ஸில் 'போக்', கோதிக்கு மொழியில் 'போகா' என்று இச்சொல்லுக்கு உடன்பிறப்புகள் உண்டு. அவை தமக்குள் ஒலிமுறைப்படி ஒத்திருக்கின்றன. பீச் மரத்திற்கு இலத்தீனில் 'ஃபாகுஸ்' என்று பெயர். இலத்தீன் 'ஃப' ஆங்கிலத்தில் 'ப' ஆவது முறை. உடன்பிறந்தானைக் குறிக்கும் 'ஃபிராத்தெர்' ஆங்கிலத்தில் 'பிரதர்' என நிற்பதும் அம்முறைப்படியே. இந்த வரிசையில் பொத்தகத்திற்கு இடமில்லை. ஒலி ஒத்தால் உறவு என்பது ஆராய்ச்சியன்று. தமிழுக்கு இரவல் பெருமை வேண்டியதில்லை. பொய்யான ஒரு சான்றைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுத்தால், நாளை அவன் உண்மையை அறியும்போது நாம் சொன்ன மெய்யான நூறு செய்திகளையும் ஐயுறுவான்.

இழப்பு யாருக்கு?

இது வெறும் சொற்சண்டையன்று, அன்பர்களே. இதில் பிள்ளைகளின் கல்வி அடங்கியிருக்கிறது.

ஆங்கிலக் குழந்தைக்குப் பல் 'டூத்'. பல் மருத்துவர் 'டென்டிஸ்ட்'. கை 'ஹேண்ட்', கைவேலை 'மேனுவல்'. நிலவு 'மூன்', நிலவைச் சார்ந்தது 'லூனார்'. கண் 'ஐ', கண்ணைச் சார்ந்தது 'ஆக்குலர்'. வீட்டுச் சொல் ஒன்று, பள்ளிச் சொல் மற்றொன்று. முதலாவதைக் கொண்டு இரண்டாவதை எட்ட வழியில்லை. வீட்டில் நூல்கள் நிறைந்த குழந்தை இரண்டையும் கற்றுக்கொள்கிறது. உழைப்பாளி வீட்டுக் குழந்தை வாசலிலேயே நிற்கிறது. டேவிட் கோர்சன் என்னும் கல்வியறிஞர் 1985இல் வெளியிட்ட நூலில் இதைச் 'சொல் தடை' என்னும் பொருள்பட விளக்கினார். ஆங்கிலத்தின் கிரேக்க இலத்தீன் கல்விச்சொற்கள் எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்குக் குறுக்கே நிற்கும் தடைக்கட்டை என்பது அவர் கருத்து. 1066இன் கடனுக்கு இன்றும் வட்டி கட்டுபவர்கள் அந்நாட்டின் ஏழைப் பிள்ளைகளே.

தமிழ்ப் பிள்ளைக்கு அந்தத் தடை இல்லை. பல் தெரிந்தவனுக்குப் பல் மருத்துவர் தெரியும். ஒளியும் சேர்க்கையும் தெரிந்தவனுக்கு 'ஒளிச்சேர்க்கை' என்ற சொல்லே பாதிப் பாடத்தை நடத்திவிடும். 'போட்டோசிந்தசிஸ்' என்பதை அவன் மனப்பாடம் செய்யலாம். எழுத்துக்கூட்டலில் ஒன்றைத் தவறவிட்டுப் புள்ளியையும் இழக்கலாம். 2003ஆம் ஆண்டில் அறிவியலையும் கணிதத்தையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் திட்டம் நம் தமிழ்ப்பள்ளிகளிலும் புகுந்தது. 2012 முதல் படிப்படியாக விலக்கப்பட்டது. அந்த ஆண்டுகளில் தோட்டப்புறப் பிள்ளைகளின் முன் நின்று கற்பித்த ஆசிரியரைக் கேளுங்கள். விடை தெரிந்தும் சொல் தெரியாமல் வாய்மூடி நின்ற பிள்ளைகளைப் பற்றி அவர் சொல்வார்.

ஆங்கிலம் கற்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நன்றாகக் கற்க வேண்டும். அதன் வரலாற்றையும் சேர்த்துக் கற்க வேண்டும். ஆங்கிலத்தின் பெயரைச் சொல்லித் தமிழை நகையாடுவோருக்கு ஆங்கிலமே தெரியவில்லை என்பதே என் வழக்கு.

ஆசிரியத் தோழர்களே! கையேடு என்ற சொல் உங்கள் மேசையில் இருக்கும் நூலின் அட்டையில் இருக்கட்டும். வகுப்பில் கூசாமல் சொல்லுங்கள். யாரேனும் நகைத்தால், பிர்த்ஃபெர்த்தின் கதையையும் டிரெஞ்சின் கதையையும் அமைதியாகச் சொல்லுங்கள். நல்ல தமிழ்ச்சொல் ஒன்று கிடைத்தால், பிள்ளைகளின் பயிற்சியேட்டில் அது ஏறும்வரை ஓயாதீர்கள். ஆங்கிலேயர் தாம் தொலைத்த ஒரு சொல்லைத் திரும்பப் பெற எண்ணூறு ஆண்டுகள் ஆயின. நம் சொல் இன்னும் நம் கையில்தான் இருக்கிறது.